நின்ற இடமும் பார்த்த இடமும்

என் மச்சான் ஹம்மு ஒரு பொய்கூடச் சொல்லாமல், ஒரு மரத்தைக்கூட வெட்டாமல், பதினொரு நாளிலேயே எங்கள் ஊர்க் காட்டை இல்லாமல் செய்தவன். கோடரிக்காரர்களும் ஆட்டுக்காரர்களும் எத்தனையோ வருஷம் முட்டி மோதியும் ஆகாத காரியம் அது. செய்தவன் ஊரிலேயே மகா ஒழுங்கான மனிதன் என்பதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒழுங்கு என்றால் சாதாரண ஒழுங்கு இல்லை. காட்டிலாகாவுக்கு வருவதற்கு முன்னால் அவன் எங்கள் ஊரான தாக்னித்துக்கும் சந்தை ஊருக்கும் நடுவில் வாடகை டாக்ஸி ஓட்டினான். பெர்மிட்டில் ஆறு பேர் என்று இருக்கும். மற்ற டிரைவர்கள் எட்டு பேரை அடைத்துக்கொண்டு, போலீஸைப் பார்த்தால் இரண்டு பேரைக் குனியச் சொல்வார்கள். ஹம்மு ஏழாவது ஆளை ஏற்றமாட்டான். ஒரு ஆகஸ்ட் மாதம் அந்த ஏழாவது ஆள் என் அம்மா, அதாவது அவனுடைய மாமியார். கையில் இரண்டு கோழி வேறு.

"பெர்மிட் ஆறு பேருக்குத்தான், லல்லா. அடுத்த வண்டியில வாங்க" என்றானாம், 'லல்லா' என்ற மரியாதைக்குக் குறைவில்லாமல்.

அம்மா ஒரு தக்காளி லாரியில் ஏறி அவனுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து சாகும்வரை அவனை மருமகன் என்று சொன்னதில்லை. "அந்தப் பெர்மிட் வந்திருக்கான், டீ வை" என்றுதான் சொல்வாள்.

டாக்ஸி முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? ஹம்மு வேலை இழந்து, காட்டிலாகாவில் தினக்கூலியாகச் சேர்ந்தான். மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோவான், எல்லைக் கல்லுக்கு வெள்ளை அடிப்பான். பதினான்கு வருஷமாக, இந்த வருஷம் நிரந்தரம், அடுத்த வருஷம் நிரந்தரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவன் அதை நம்பிப் பச்சைச் சட்டை ஒன்றைத் தைத்தே வைத்துவிட்டான், மார்பில் இலாகா வில்லை குத்துவதற்கு இடம் விட்டு. என் தங்கை இஜ்ஜா ஒவ்வொரு பெருநாளுக்கும் அதை எடுத்து இஸ்திரி போட்டு மறுபடி அலமாரியில் மாட்டுவாள். அவன் கூலி வரும்போது வரும். அந்த வீட்டில் தினமும் அடுப்பு எரிந்தது அவளுடைய இருபத்துமூன்று அர்கான் மரங்களால்தான். எங்கள் அப்பா அவளுக்குக் கொடுத்த பங்கு அது. அந்த மரத்துக் கொட்டையை உடைத்து, வறுத்து, அரைத்துப் பிழிந்த எண்ணெயில்தான் அவள் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் பெயர் பெலயித். நான் அக்தால் காவல்காரன். அர்கான் காய் மஞ்சளாகத் தொடங்கியதும் ஊர் ஜமாஅத் கூடிக் காட்டை அடைத்துவிடும். அந்த அடைப்புக்குத்தான் அக்தால் என்று பெயர். கம்பியும் இல்லை, கதவும் இல்லை. ரோட்டோரம் நாலு கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் ஆடும் போகக் கூடாது, ஆளும் போகக் கூடாது. காய் தானாக விழுந்து, ஜமாஅத் மறுபடி கூடித் திறந்தாயிற்று என்று கூவும்வரை சொந்த மரத்தின் நிழலில்கூட ஒதுங்க முடியாது. மீறினால் ஊர் முழுக்க உட்காரவைத்துக் கறிச்சோறு போட வேண்டும். அதோடு, திறக்கிற நாளில் மற்றவர்கள் உள்ளே போய் மூன்று நாள் கழித்துத்தான் அவன் போகலாம். உள்ளே நடக்கிற உரிமை என் ஒருவனுக்குத்தான், கையில் தடியோடு.

அந்த வருஷம் ஜூலையில் தலைநகரிலிருந்து வியாம் என்ற இஞ்சினியர் பெண் வந்தாள். கெட்டிக்காரி, எங்கள் பாஷையும் பேசினாள். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு படத்தை விரித்தாள். புழுதிக்காற்று நாளில் டிவி தெரிவதுபோல ஒரே வெள்ளைப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும். வானத்தில் போகிற செயற்கைக்கோள் தரையை நோக்கி ரேடார் அலையை அனுப்புமாம். மேகமானாலும் புழுதியானாலும் ராத்திரியானாலும் அதற்குக் கவலை இல்லை. வழவழப்பான தரை அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், படத்தில் கறுப்பாகத் தெரியும். தண்டும் கிளையும் அலையைத் திருப்பி அனுப்பும், வெளுப்பாகத் தெரியும். ஆனால் எந்த வெளுப்பு காடு, எந்தக் கறுப்பு வெட்டவெளி என்று கம்ப்யூட்டருக்கு ஆள் நேரில் போய்க் காட்டிக்கொடுக்க வேண்டும். நூற்றிருபது இடம் காட்டினால் மிச்சத்தை அதுவே கற்றுக்கொண்டு மாகாணம் முழுக்க வரைந்துவிடும்.

காட்டிக்கொடுக்கிற வேலைக்கு ஹம்முவைவிட நம்பகமான ஆள் யார்? அவன் கையில் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து, 'சி' என்று மரியாதையாக அழைத்துச் சொன்னாள்.

"புள்ளிக்குப் போய் நின்னு இந்தப் பட்டனை அமுக்குங்க, சி ஹம்மு. காடுன்னா காடு, வெட்டவெளின்னா வெட்டவெளி. ஒண்ணைத் தொடுங்க. அவ்வளவுதான்."

"புள்ளிக்குப் போக முடியலேன்னா, மேடம்?"

"எவ்வளவு கிட்டப் போக முடியுமோ போங்க."

இதை ஹம்மு நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டுக்கொண்டான். அவள் பள்ளத்தாக்கையோ ஓடையையோ நினைத்துச் சொன்னாள். காடு அடைத்திருக்கிற மாதம் அது என்பது அவளுக்குத் தெரியாது. தலைநகரில் எந்தக் காலண்டரில் அக்தால் போட்டிருக்கிறது?

மறுநாள் காலையில் சுண்ணாம்புக் கல்லுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். நான் தடியைக் குறுக்கே நீட்டினேன்.

"கவர்மெண்டு வேலை, மச்சான். அம்பத்திரெண்டு புள்ளி உள்ள இருக்கு, மிச்சமெல்லாம் வெளிய வெட்டவெளியில."

"கவர்மெண்டு ஆடுன்னாலும் நான் விரட்டத்தான் செய்வேன். ஊருக்கே கறிச்சோறு போடப் போறியா?"

"நான் உள்ள போறேன்னு சொல்லவே இல்லியே. என்ன செய்யறதுன்னுதான் கேக்கறேன்."

எனக்கு வெயில் தலைக்கேறியிருந்தது. சீக்கிரம் அவனை அனுப்பிவிட்டுத் தூங்க வேண்டும்.

"இதுக்குப் போய் உள்ள எதுக்கு வரணும்? அங்க பாரு, ரோட்டுக்கு அந்தப் பக்கம், தக்காளிக் கொட்டகைகிட்ட மண்மேடு. ஏறி நின்னா காடு பூரா தெரியுது. மரம் இருக்கா? இருக்கு. காடுன்னு அமுக்கு. இருக்கற மரம் நீ பக்கத்துல வந்தா கூடிடுமா?"

அவன் நோட்டை எடுத்துப் பார்த்தான். எவ்வளவு கிட்டப் போக முடியுமோ. தலையை ஆட்டினான்.

பதினொரு நாள் அப்படித்தான் நடந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இரும்புக் குழாயும் பிளாஸ்டிக்கும் போட்ட தக்காளிக் கொட்டகைகள் வரிசையாகப் பல மைல் நிற்கும். மேற்பார்வையாளரிடம் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, கொட்டகைகளுக்கு நடுவில் மேடான இடமாகப் பார்த்து ஏறி, காட்டைப் பார்த்து நெற்றியில் கைவைத்து, "காடு" என்று அமுக்குவான். ஒரு மரம் சந்தேகமாகத் தெரிந்தால் தண்ணீர்த் தொட்டியில் ஏறி உறுதி செய்துகொள்வான். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து ரொட்டியும் ஆலிவும் தின்பான். இவ்வளவு நேர்மையாக வேலை செய்கிற ஒருவனைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த ஜூன் கடைசியில், காட்டை அடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, வரைபடம் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. பச்சை என்றால் காடு, மஞ்சள் என்றால் வெட்டவெளி. தக்காளிக் கொட்டகைகள் எல்லாம் கண்ணைப் பறிக்கிற பச்சை. எங்கள் அர்கான் காடு, பேரீச்சங்காய் மஞ்சள்.

முதலில் ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. கொட்டகை முதலாளிக்கு, காட்டுக்குள் சட்டவிரோதமாகத் தக்காளி பயிரிட்டதாக நோட்டீஸ் வந்ததும் சந்தையில் இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. "ஒரு கிலோ காடு குடு, பழுத்ததாப் பாத்து" என்று பெண்கள் தக்காளி வாங்கினார்கள். மூன்றாவது நாள் படத்துக்குக் கீழே இன்னொரு தாள் ஒட்டினார்கள். மஞ்சள் நிலத்தில் காட்டு உரிமை எதுவும் இல்லை. கொட்டகை போட விரும்புகிறவர்களுக்குக் குத்தகைக்கு விடப்படும். மறுப்பு இருந்தால் ஜூலை கடைசிக்குள் எழுதித் தரலாம். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இஜ்ஜா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் மஞ்சளில் ஓர் இடத்தில் விரலை வைத்து, ஹம்முவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுதான் என் மரம் நிக்கிற இடம். மனுஷா, நீ என்னன்னு எழுதின?"

"காடுன்னுதான் எழுதினேன். அம்பத்திரெண்டும் காடு. சத்தியமா."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

மெஷின் பொய் சொல்லவில்லை. வியாம் மறுவாரம் வந்தபோது நானும் அவனோடு அலுவலகத்துக்குப் போனேன். அவள் கம்ப்யூட்டரில் அவன் அமுக்கிய புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"சி ஹம்மு, இதை அமுக்கும்போது நீங்க எங்க நின்னீங்க?"

"கொட்டகைப் பக்கம் மேட்டுல, மேடம்."

"பாத்தது?"

"காட்டை."

அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கருவிக்கு நீங்க எதைப் பாத்தீங்கன்னு தெரியாது. எங்க நின்னீங்கன்னு மட்டும்தான் தெரியும். இரும்புக் குழாய் ரேடார்ல மரத்தைவிடப் பளிச்சுன்னு தெரியும். நீங்க அதுமேல நின்னுகிட்டு காடு, காடுன்னு அம்பத்திரெண்டு தடவை சொல்லிக்குடுத்திருக்கீங்க. அதுவும் கத்துக்கிச்சு. அர்கான் மரம் தள்ளித் தள்ளி நிக்குது, மங்கலாத்தான் தெரியும். இரும்பு மாதிரி மின்னாததெல்லாம் வெட்டவெளின்னு போட்டுடுச்சு."

ஹம்மு நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தான். வேதனை வந்தால் அவன் நிமிர்வான்.

"திருத்த முடியுமா, மேடம்?"

"முடியும். காட்டுக்குள்ள நாப்பது இடத்துலயாவது நின்னு மறுபடி அமுக்கிக்கொண்டாங்க. ஜூலை கடைசிக்குள்ள. கூடவே, முதல்ல எடுத்தது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்." கொஞ்சம் தயங்கினாள். "இந்த வருஷம் நிரந்தரப் பட்டியல்ல உங்க பேர் இருக்கு. இதை எழுதினா எடுத்துடுவாங்க. நான் மறைக்க முடியாது."

"எழுதறேன்."

"வெளிய நின்னு எடுக்கச் சொல்லி யாராவது சொன்னாங்களா? அப்படின்னா அதையும் எழுதுங்க. பழி உங்க ஒருத்தர்மேல மட்டும் விழாது."

நான் அவன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். என் கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. காவல்காரனே கவர்மெண்டு வேலையைக் கெடுத்தான், காட்டை மஞ்சளாக்கினான் என்று வெளியே தெரிந்தால், ஜமாஅத் அன்று மாலையே என் தடியைப் பிடுங்கியிருக்கும்.

"யாரும் சொல்லல, மேடம். நானா முடிவு பண்ணினேன்" என்றான் ஹம்மு. என் பக்கம் திரும்பவில்லை.

இனிமேல் சுலபம் என்று நினைத்தோம். காடு பத்தடி தூரத்தில் இருக்கிறது, ஆள் இருக்கிறான், கருவி இருக்கிறது. ஆனால் அது ஜூலை. சுண்ணாம்புக் கல்லும் இருந்தது. காய் விழுந்து காடு திறக்க ஆகஸ்ட் கடைசி ஆகும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜமாஅத் கூடியது. ஹம்மு நின்றுகொண்டு, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆளுக்கு அக்தாலைத் திறந்துவிடும்படி கேட்டான். தலைவர் ஹாஜி ஊபெல்லா தாடியைத் தடவினார். அவருடைய நாற்பது மரமும் மஞ்சளில்தான் இருந்தது.

"உனக்கு இன்னிக்குத் திறந்தா, நாளைக்கு ஊர்ல ஒவ்வொரு ஆட்டுக்கும் கவர்மெண்டு வேலை வந்துடும்ப்பா. நூறு வருஷமா ஒரு நாள்கூட முன்ன திறந்ததில்ல."

"திறக்கலேன்னா அடுத்த வருஷம் அடைக்கறதுக்குக் காடே இருக்காது, ஹாஜி."

"அது கவர்மெண்டு பண்ற தப்பு. இது நாம பண்ற தப்பாயிடும். அதுசரி, அங்க காடே இல்லன்னு எழுதினவன் நீதானே? இல்லாத காட்டுக்குள்ள போக உனக்கு எதுக்கு அனுமதி?"

எல்லோரும் சிரித்தார்கள். காடு போகப் போகிறதே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த அதே ஆட்கள். பிறகு ஹாஜி வழக்கப்படி காவல்காரனின் கருத்தைக் கேட்டார்.

"முறைன்னா முறைதான்" என்றேன் நான். குரல் கணீரென்று வந்தது, வெட்கக்கேடு.

மூன்று நாள் கழித்து, காலை ஒன்பது மணி. ரோட்டில் சந்தை வேனும் தக்காளி லாரிகளும் போய்க்கொண்டிருந்தன. ஹம்மு நடந்து வந்தான். அலமாரியிலிருந்து அந்தப் பச்சைச் சட்டை வெளியே வந்திருந்தது. வில்லைக்கு விட்ட இடம் காலியாக இருந்தது. சட்டைப் பையும் கால்சட்டைப் பையும் கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்து மூடியிருந்தன.

"என்ன மச்சான் இது?"

"இஜ்ஜா தைச்சா. நாளைக்கு ஒருத்தனும், ஹம்மு உள்ள போய்க் காய் பொறுக்கினான்னு சொல்லக் கூடாதுல்ல." கல்லுக்கு முன்னால் நின்றான். "நான் இப்ப உள்ள போறேன். நேரத்தைப் பாத்துக்கோ."

"யோவ், பைத்தியமே. நான் இப்ப டீ குடிக்கப் போறேன். ஒரு மணி நேரம் ஆகும். நான் எதையும் பாக்கல."

"அது திருட்டு. பாத்துட்டுப் போய் ஹாஜிகிட்டச் சொல்லு. அதுக்குத்தானே உன்ன வச்சிருக்காங்க."

கல்லைத் தாண்டினான். நான் தடியை நீட்டவில்லை. அதைத் தவிர அந்தக் கதையில் சொல்லிக்கொள்கிற மாதிரி நான் எதுவும் செய்யவில்லை. அவன் பின்னாலேயே போனேன். விழுந்து கிடந்த காய் ஒன்றையும் மிதிக்காமல், வெந்நீர்ப் பாத்திரம் சுமப்பவன்போல அடி அளந்து வைத்தான். ஒவ்வோர் இடத்திலும் நின்று, தன் காலைக் குனிந்து பார்த்து, அப்புறம்தான் பட்டனை அமுக்கினான். நாற்பது போதும் என்றாள் வியாம். அவன் ஐம்பத்திரண்டையும் முடித்தான். இஜ்ஜாவின் மரங்களுக்கு வந்தபோது மட்டும் அமுக்கிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

அன்று மாலை ஹாஜியிடம் போய்ச் சொன்னேன். வேறு என்ன செய்வது, அதுதான் என் வேலை.

அவனுடைய சொந்த மோட்டார் சைக்கிள் விலைக்குப் போயிற்று, இரண்டு கிடா வந்தது. ஊர் முழுக்க அவன் வீட்டு முற்றத்தில் பந்தியில் உட்கார்ந்தோம். கறி நன்றாக வெந்திருந்தது. அபராதச் சோறுதானே என்று யாரும் குறைத்துச் சாப்பிடவில்லை. "காடு இல்லேன்னு சொன்னப்பவும் மாட்டினான், இருக்குன்னு சொன்னப்பவும் மாட்டினான்" என்று ஹாஜி எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொல்ல, நானும் சிரித்தேன். இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

ஆகஸ்டில் புதுப் படம் ஒட்டினார்கள். எங்கள் காடு பச்சை. கொட்டகைகளும் பச்சையாகவே இருந்தன; மறுப்பு வந்த நிலத்தை மட்டும்தான் திருத்துவார்களாம். கொட்டகை முதலாளி நோட்டீஸை எப்படியோ சரிக்கட்டிவிட்டு, மறுப்பு எழுதாமல் இருந்துவிட்டார். காடு என்று இருப்பது வெளிநாட்டு வியாபாரத்துக்கு நல்லதாம். இப்போது அவருடைய தக்காளிப் பெட்டியில் ஒரு மரம் வரைந்திருக்கிறது. தப்பு தன்மேல் என்று கையெழுத்துப் போட்ட ஹம்முவை இலாகாவில் நிரந்தரமும் ஆக்கவில்லை, தினக்கூலிக்கும் கூப்பிடவில்லை. ஊரில் அவனுக்குப் புதுப் பெயர், 'அக்தால் மீறினவன்'. காட்டைக் காப்பாற்றினவன் என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

காடு திறந்தாயிற்று என்று கூவிய காலையில் ஊரே கூடையும் சாக்குமாகக் கல்லைத் தாண்டி ஓடியது. ஹம்மு முறைப்படி மூன்று நாள் வெளியே இருக்க வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம், அதே மண்மேட்டில் ஏறி, நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இஜ்ஜா தன் இருபத்துமூன்று மரத்துக்கும் தனியாகக் குனிந்து குனிந்து பொறுக்கினாள். நான் உதவப் போனேன்.

"வேண்டாம் அண்ணே, நீ காவலைப் பாரு" என்றாள். ஒரு கூடையை நிரப்பினாள். அப்புறம் மேட்டைப் பார்த்துச் சொன்னாள்: "இருபது வருஷமா அவன்கூட இருக்கேன். யாராவது சொல்லிக்குடுக்காம குறுக்குவழி எதுவும் தெரியாது அவனுக்கு. அந்த மேட்டுல ஏறி நிக்கலாம்னு அவனுக்கா தோணியிருக்கும்?"

நான் தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"அவன் சொல்லல. நானும் கேக்கல" என்றாள்.

எண்ணெய் பிழிந்ததும் காவல்காரனுக்கு வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வருஷம் முதல் பாட்டில் அவள் வீட்டிலிருந்துதான் வந்தது. கழுத்துவரை நிரப்பி, துணி சுற்றி, ஹம்முவே நடந்து கொண்டுவந்து கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன்.